தீபாவளிக்கு வீட்டுக்குப் போகிறேன், கையில் 12,000 ரூபாய்: யாருக்கு என்ன வாங்கலாம்?

கேட்பவர்: தலவாக்கலை மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். என் ஊர் தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். தீபாவளிக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. பஸ் செலவையும் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையும் தனியாக எடுத்து வைத்த பிறகு, அன்பளிப்புகளுக்கென்று 12,000 ரூபாய் மிஞ்சுகிறது. புதுத் துணிகளைக் கடையிலேயே கழிவு விலையில் எடுத்துவிட்டதால், அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

அக்காவைத் தவிர வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள். அக்காவின் மகளுக்கு ஏழு வயது, தரம் 2இல் படிக்கிறாள். அக்காவின் மகனுக்கு இரண்டரை வயது. தம்பி தரம் 10. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். அப்பா தேயிலைச் செடிகளை வெட்டும் கவ்வாத்து வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. இப்போது நாங்கள் இருக்கும் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் மரக்கறி போடுகிறார். அப்பாவின் தாயான அப்பாயிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. (அக்கா இதையெல்லாம் தனக்கு எதுவும் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்.)

சென்ற வருடம் நான் செய்த பிழையைச் சொன்னால்தான் நான் ஏன் கேட்கிறேன் என்பது புரியும். சின்னவனுக்கு 3,800 ரூபாய் கொடுத்து ரிமோட்டில் ஓடும் கார் ஒன்று வாங்கிப் போனேன். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ரிமோட் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பேட்டரி தீர்ந்தது. காருக்கு நான்கு, ரிமோட்டுக்கு இரண்டு என்று ஒவ்வொரு தடவையும் அக்காதான் வாங்க வேண்டியிருந்தது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் அதையே கேட்டு அழுததால் தாய்மாருக்கிடையே மனக்கசப்பும் வந்தது. இன்று அந்தக் கார் அலுமாரியின் மேல் பொலித்தீன் உறையில் இருக்கிறது. சின்னவனோ அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடியே நாள் முழுவதும் விளையாடுகிறான்.

அம்மாவிடம் கேட்டால், "ஒன்றும் வேண்டாம், நீ வந்து சேர்ந்தால் போதும்" என்கிறார். அவர் எப்போதும் சொல்வது அதுதான். இந்த முறை அவரவருக்குப் பொருந்துவதாகப் பார்த்துக் கொடுக்க ஆசைப்படுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: பண்டாரவளை ஆசிரியை

தங்கச்சி, ஏழு வயதுப் பிள்ளைகளோடு பதினெட்டு வருடமாக இருப்பவள் என்ற உரிமையில் உங்கள் அக்காவின் மகளைப் பற்றி முதலில் எழுதுகிறேன். அவளுக்குப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் புத்தகம் எதையும் வாங்கிப் போகாதீர்கள். தீபாவளி நெருங்கும்போது கடைகளில் அவற்றை முன்னால் அடுக்கி வைப்பார்கள். நல்ல சித்தி என்று பெயரெடுக்க அதைவிட இலகுவான வழி வேறில்லை என்றுகூடத் தோன்றும். ஐந்தாம் தரப் பரீட்சைக்கு அவளுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. பண்டிகை நாளில் சித்தி ஆசையோடு நீட்டும் பொதிக்குள்ளும் பரீட்சையே இருந்தால், வாசிப்பு என்பதே தண்டனை என்று அந்தப் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். அப்படிப் பதிந்த பிள்ளைகளைத் தரம் 4இல் மீட்டெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பாடநூல்களை அரசாங்கம் 1980ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகத் தருகிறது, சீருடைத் துணியும் கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் இல்லாதது, அவர்களுக்கே சொந்தமான ஒரு கதைப் புத்தகம். சென்ற வருடம் என் வகுப்பில் ஒரு சிறுமி நாட்காட்டித் தாளால் உறை போட்ட கதைப் புத்தகம் ஒன்றை மூன்று வாரம் தொடர்ந்து கொண்டு வந்தாள். இடைவேளையில் நான்கைந்து பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்; யார் அன்று பக்கம் புரட்டுவது என்பதற்கு அவளிடம் ஒரு முறை வரிசையே இருந்தது. அவள் தலையிலிருந்த தேங்காயெண்ணெய் ஊறி அந்தப் புத்தகத்தின் மூலைகள் கண்ணாடிபோல் ஆகிவிட்டன. அவளுடைய மாமா ஊருக்கு வந்தபோது கொடுத்த புத்தகம் அது.

தெரிவு செய்யும்போது படத்தின் பளபளப்பை மட்டும் பார்க்காமல், கடையிலேயே ஒரு பக்கத்தை வாசித்துப் பாருங்கள். பிள்ளைக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் அது அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் கழித்து வாங்க வேண்டிய புத்தகம். இரண்டு விரல் மடங்கினால் சரியான அளவு. ஒரு விரலும் மடங்காவிட்டாலும் வாங்கலாம், ஏனெனில் தடங்கலின்றி வாசித்து முடிக்கும் மகிழ்ச்சியும் பிள்ளைக்கு வேண்டும். தடித்த ஒரே புத்தகத்தைவிட மெல்லிய மூன்று புத்தகங்கள் நல்லவை.

அவற்றோடு ஒரு பழைய பிஸ்கட் டின்னையும் கொண்டு போங்கள். மூடுபனியும் ஈரமும் உள்ள லயத்தில், சுவரோரம் வைத்த புத்தகம் ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும், எலியும் விட்டு வைக்காது. மூடியுள்ள டின் இருந்தால் புத்தகம் பிழைக்கும், "இது என்னுடையது" என்று சொல்ல அவளுக்கு ஓர் இடமும் கிடைக்கும். டின்னுக்குள் 12 நிறப் பென்சில்களும் கோடில்லாத தாள் கொண்ட வரைதல் கொப்பி ஒன்றும் வைத்தால் போதும். 36 நிறப் பெட்டி வாங்கினால் பாதி நிறம் தொடப்படாமலே கிடக்கும்.

நீங்கள் அங்கிருக்கும் நான்கு நாளில் ஓர் இரவாவது அவளை மடியில் இருத்தி முதல் புத்தகத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். திரும்பிப் போகும்போது இரண்டாவது புத்தகத்தை அவள் தொலைபேசியில் உங்களுக்கு வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

தம்பிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை, ஒரே அறையில் சின்னப் பிள்ளைகள் தூங்கும்போது மின்குமிழை எரிய விட முடியாமல் புத்தகத்தை மூடி வைக்கிறான். சார்ஜ் செய்யக்கூடிய, கழுத்து வளையும் சிறிய மேசை விளக்கு ஒன்று அவனுக்குத் தினமும் இரண்டு மணி நேரத்தைக் கொடுக்கும்.

பதில்: பிள்ளைக்காம்பரா அக்கா, பொகவந்தலாவை

தங்கச்சியின் கேள்வியிலேயே சின்னவனுக்கான பதில் இருக்கிறது. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வயதில் பிள்ளையின் வேலையே அதுதான். ஒன்றுக்குள் ஒன்றை வைப்பது, எடுப்பது, அடுக்குவது, தட்டி விழுத்துவது, மறுபடி அடுக்குவது. நான் வேலை செய்யும் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், பெரியதிலிருந்து சிறியது வரை ஒன்றுக்குள் ஒன்று போகும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் ஆறு இருக்கின்றன. காலை ஆறரை மணிக்குத் தாய் விட்டுவிட்டுப் போகும்போது அழுகிற பிள்ளைகூட, அந்தக் கிண்ணங்களைக் கையில் எடுத்தால் அழுகையை மறந்துவிடும். கடையில் அடுக்குக் கிண்ணம் என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அளவு வேறுபட்ட எவர்சில்வர் டம்ளர்கள் நான்கு போதும், பிள்ளை வளர்ந்த பிறகு அவை அடுப்படிக்கும் உதவும்.

ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எதையும் வாயில் வைத்துத்தான் அறிந்துகொள்ளும். ஆகவே 3.2 சென்டிமீட்டர் அகலமான குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தத் துண்டும் அவன் கைக்குப் போகக் கூடாது. பந்து என்றால் இன்னும் பெரியதாக, 4.5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மேசைப்பந்தின் விட்டம் 4 சென்டிமீட்டர்தான். அதுவும் அவனுக்குச் சிறியது. டென்னிஸ் பந்து சரி.

எல்லாவற்றிலும் நான் மிகவும் பயப்படுவது காசு போலத் தட்டையாக இருக்கும் பொத்தான் பேட்டரிக்குத்தான். வெளிச்சம் விடும் பம்பரம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் சப்பாத்து என்று மலிவான பொருட்கள் பலவற்றுக்குள் அது இருக்கிறது. பிள்ளை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே சதையை எரித்துப் புண்ணாக்கிவிடும். தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே எங்களுக்கு எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். பேட்டரி அறைக்குத் திருகாணி போட்ட மூடி இல்லாத எந்த விளையாட்டுப் பொருளையும் வாங்காதீர்கள். பலூனும் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகவும் கடினம்.

அந்தப் பழைய காரை இன்னும் இரண்டு வருடம் அலுமாரி மேலேயே வைத்திருங்கள். ஆனால் உள்ளே பேட்டரி இருந்தால் இன்றே கழற்றச் சொல்லுங்கள். கசிந்தால் கார் கெட்டுவிடும்.

பதில்: பசறையிலிருந்து ஒரு தாய்

நான் அன்பளிப்பு வாங்கும் பக்கத்தில் இருப்பவள் என்பதால் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். என் தம்பி கொழும்பிலிருந்து வரும்போது என் இரண்டு பிள்ளைகளுக்கும் கொண்டு வருவதோடு, லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைக் கொண்டு வருவான். ஒரு வருடம் கரப்பந்து, ஒரு வருடம் நீளமான ஸ்கிப்பிங் கயிறு, சென்ற வருடம் கேரம் காய்கள் (பலகை ஏற்கனவே வாசகசாலையில் இருந்தது, காய்கள்தான் தொலைந்திருந்தன). அதனால் என் பிள்ளைகளின் சொந்தப் பொருளைப் பார்த்து யாரும் ஏங்குவதில்லை. உங்கள் அக்காவுக்குச் சென்ற வருடம் வந்த சங்கடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒரு பந்தின் விலையில் அதைத் தவிர்க்கலாம்.

பதில்: ஹட்டன் கடைக்காரர்

மகள், நான் முப்பது வருடமாகப் பலசரக்கும் பேன்சிப் பொருட்களும் விற்கிறேன். தீபாவளிக்கு முந்திய மூன்று நாளில் வாங்குபவர்கள் எதையும் திருப்பிப் பார்ப்பதற்கு நேரமில்லாமல் வாங்குகிறார்கள். நீங்கள் கொழும்பில் இருப்பதால், இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு மத்தியான வேளையில் புறக்கோட்டையில் வாங்கிவிடுங்கள். விளக்கைக் கடையிலேயே எரிய விட்டுப் பாருங்கள், சார்ஜ் செய்யும் வயர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பந்தையும் டம்ளரையும் கொழும்பிலிருந்து சுமந்து வர வேண்டாம். பஸ்ஸில் நீங்கள் படும் பாட்டுக்கு அந்த விலை வித்தியாசம் ஈடாகாது.

அப்பாவுக்கு என்ன என்று யாரும் சொல்லவில்லை. மரக்கறி போடுபவர் என்றால் விதை கொடுங்கள். கரட், பீட்ரூட், போஞ்சி என்று நான்கைந்து சிறிய பக்கெட்டுகள் எடுத்தாலும் பெரிய செலவு வராது. பக்கெட்டின் பின்னால் உள்ள திகதியைக் கட்டாயம் பாருங்கள். போஞ்சி விதை கொஞ்சம் பழையதானாலும் முளைக்கும். லீக்ஸ் விதை அப்படியல்ல, வெங்காய இனத்து விதைகள் ஓரிரு வருடத்திலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். கழிவு விலையில் கிடைக்கிறதே என்று வாங்கினால் அவர் பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி, மூன்று வாரம் காத்திருந்து ஏமாறுவார்.

இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஒட்டு வெண்ணெய்ப்பழக் கன்று ஒன்று வாங்கலாம். விதையிலிருந்து வளர்ந்த மரத்தைவிட ஒட்டுக்கன்று மிக முந்திக் காய்க்கும், மூன்று நான்கு வருடத்தில் பழத்தைப் பார்க்கலாம். பேத்தியின் பெயரைச் சொல்லி அப்பாவின் கையால் நடச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம், வேர் அழுகிவிடும்.

பதில்: மஸ்கெலியா மகன்

பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவையும் அப்பாயியையும் பற்றி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நாங்கள் வழக்கமாக வாங்குவது ஒரு சட்டி, ஒரு பானை, ஒரு போர்வை என்று எப்போதும் வீட்டுக்கான பொருள்தான். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு முறை விடுமுறையில் வந்தபோது, மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து, இடுப்பில் கட்டும் படங்கைக் கழற்றினார். படங்கு சாக்குக்கு மேலே சுற்றியிருந்த பொலித்தீன் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது, உள்ளே சேலை இடுப்பு வரை நனைந்திருந்தது. கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்பதால், மழை எவ்வளவு பெய்தாலும் மலையை விட்டு இறங்க மாட்டார்கள். அப்படியானால் எத்தனை வருடமாக அம்மா நனைந்துகொண்டு நின்றார் என்று அன்றுதான் யோசித்தேன். மறுநாளே டவுனுக்குப் போய், தடித்த துணியில் உட்பக்கம் ரப்பர் பூசிய மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன். கூடையைத் தலையில் மாட்டும்போது தொப்பி இழுபடக் கூடாது, கை இறுகிப் பிடிக்கக் கூடாது என்பதற்காக ஓர் அளவு பெரியதாக எடுத்தேன். ஆகவே உங்கள் அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். வேலை முடிந்து வரும்போது அவருடைய உடம்பில் எது நனைந்திருக்கிறது, எது கிழிந்திருக்கிறது, எங்கே வலிக்கிறது என்று அக்காவிடம் கேளுங்கள்.

வீட்டுக்கென்று ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால், தண்ணீர் புகாத சிப் வைத்த ஆவண உறை வாங்குங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மண்சரிவு வந்தபோது நாங்கள் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிறப்புச் சான்றிதழ்களும் வங்கிப் புத்தகமும் தலையணைக்கு அடியில் கிடந்தன. அவற்றை மறுபடி எடுக்க எத்தனை நாள் அலைந்தோம் என்பதைச் சொன்னால் நீளும். சில நூறு ரூபாய் உறை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

அப்பாயிக்கு வெந்நீர்ப் பை நல்லது, நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கு அது பெரிய ஆறுதல். கொதிநீரை அப்படியே ஊற்றாமல் சற்று ஆற விட்டு, துணி சுற்றிக் கொடுக்கப் பழக்கிவிடுங்கள். வயதானவர்களின் தோலுக்குச் சூடு தெரிவதற்குள் புண்ணாகிவிடும்.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. என் அம்மாயி இறந்தபோது மாலை போடுவதற்கு வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டையில் இருந்த நகத்தளவு படத்தைப் பெரிதாக்கிக் கொண்டு வந்தார்கள். கண் எங்கே, மூக்கு எங்கே என்று தெரியாத அந்தச் சாம்பல் நிறப் படம்தான் இன்றும் எங்கள் சுவரில் இருக்கிறது. அம்மாயி சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். அது அந்தப் படத்தில் இல்லை. உங்கள் அப்பாயி இருக்கும்போதே, அவருக்குப் பிடித்த சேலையைக் கட்டச் சொல்லி, வெற்றிலைப் பெட்டியோடு, கொள்ளுப் பேத்தியையும் கொள்ளுப் பேரனையும் பக்கத்தில் இருத்தி, காலை வெளிச்சத்தில் வாசலில் ஒரு படம் எடுங்கள். உங்கள் தொலைபேசி போதும். டவுனில் ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரதி எடுத்துச் சட்டம் போடுங்கள்.

கேட்டவர்: தலவாக்கலை மகள்

டீச்சர், அக்கா, ஐயா, அண்ணா, பசறையிலிருந்து எழுதிய அக்கா, எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அக்காவிடம் பேசினேன். அம்மாவின் மழைக்கோட்டு தோள்பட்டையில் விட்டுப்போய் ஒரு வருடமாகிறதாம். ஊசி போட்டுத் தைத்துக்கொண்டு, தைத்த துளைகளில் மெழுகுதிரி தேய்த்துப் போடுகிறாராம். இரண்டு தீபாவளிக்கு நான் கொண்டு போன பானைகள் இரண்டும் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே இருக்கின்றனவாம்.

மழைக்கோட்டு 3,200 ரூபாய்க்கும், தம்பிக்கு விளக்கு 2,400 ரூபாய்க்கும் இன்று எடுத்துவிட்டேன். மூன்று கதைப் புத்தகங்கள், நிறப் பென்சில், வரைதல் கொப்பி எல்லாம் 1,700. ஐந்து விரலையும் மடக்கி மடக்கிப் பார்த்ததில் கடைக்காரர் எனக்குக் கையில் வலியா என்று கேட்டார். அடுக்குக் கிண்ணம் 750. ஆவண உறையும் வெந்நீர்ப் பையும் சேர்த்து 1,650. மிச்சமுள்ள 2,300 ரூபாயில் விதையையும் லயத்துப் பிள்ளைகளின் பந்தையும் ஐயா சொன்னபடி ஹட்டனில் இறங்கி வாங்குவேன். வெண்ணெய்ப்பழக் கன்றுக்கு இந்த முறை வழியில்லை, தைப்பொங்கலுக்குப் பார்ப்போம்.

அப்பாயியின் படத்துக்கும் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாயியிடம் படம் எடுக்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னேன். "எந்தச் சேலை?" என்று கேட்டார். பிறகு, அந்த ஊதாச் சேலையின் முந்தானையில் ஒரு கிழிசல் இருக்கிறது, நீ வரும்போது ஊதா நூல் கொண்டு வா என்றார். எங்கள் கடையிலேயே நூல் இருக்கிறது. நிறம் சரியாக ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மூன்று ஊதா எடுத்து வைத்திருக்கிறேன்.